அசைகின்ற முள்ளை நம்பலாமா?

பழைய பிலிம் கேமரா வைத்திருப்பவர்களிடம் அதன் ஒளிமானி வேலை செய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 'மீட்டர் போச்சு' என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். எப்போது போயிற்று, எதைச் சோதித்துப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மேலும் கேட்டால், சற்று எரிச்சலோடு, 'முள் அசையவில்லை, அவ்வளவுதான்' என்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். முள் அசையாவிட்டால் மானி பழுது, அசைந்தால் மானி நலம் என்பது என் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை நம்பி ஒரு நெசவாளியின் கடைசித் தறிப்படத்தைக் கெடுத்தேன். அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றை எழுதுவதே என் நோக்கம். கேமராவைப் பற்றிய செய்திகள் சற்று மிகுதியாக வரும். இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவில் நம் துறைக்கே வந்து சேர்வேன்.

கேமராவின் பெயர் மினோல்டா எஸ்.ஆர்.டி. 101. ஜப்பானில் 1966-இல் வெளிவந்த மாதிரி. மலேசியாவில் வேலை பார்த்த என் சித்தப்பா வாங்கி வந்தது. அவர் காலத்துக்குப் பின் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் நெடுங்காலம் கிடந்தது. முழுக்க முழுக்க இயந்திர அமைப்புக் கொண்ட கேமரா அது. ஷட்டர் இயங்க மின்சாரமே வேண்டியதில்லை. பொத்தான் வடிவில் உள்ள ஒரே ஒரு பாட்டரி, ஒளிமானிக்கு மட்டும் உணவளிக்கிறது. கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தில் இரண்டு முட்கள் தெரியும். ஒன்று வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். நுனியில் வளையம் உள்ள மற்றொன்று, நாம் ஷட்டர் வேகத்தையும் லென்ஸின் துளையையும் மாற்றும்போது நகரும். வளையம் முள்ளின் மேல் வந்து பொருந்தினால் வெளிச்சக் கணக்குச் சரி என்று பொருள்.

எங்கள் கேமராவில் அந்த முதல் முள் அடியில் படுத்தே கிடந்தது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்துகூடப் பார்க்காமல், 'இதுக்கெல்லாம் இனிமே பார்ட்ஸ் வராது சார், ஷோகேஸ்ல வச்சிடுங்க' என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கொனிகா மினோல்டா நிறுவனமே 2006-இல் கேமராத் தொழிலை விட்டு விலகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பாட்டரி அறையின் மூடியை நாணயத்தால் திருகித் திறந்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. பழைய பாட்டரி கசிந்து, பித்தளைத் தகட்டைத் தின்றிருந்தது. கசிவது காரம் என்பதால் எலுமிச்சைச் சாற்றில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, பென்சில் அழிப்பானால் தேய்த்து உலரவிட்டேன். கடையில் அதே அளவில் ஒரு பாட்டரி வாங்கிப் போட்டேன். அடிப்பக்கத்து விசையைத் திருப்பியதும் முள் துள்ளி எழுந்தது. பாட்டரியைச் சோதிக்கும் நிலைக்கு விசையைத் திருப்பினால் முள் ஒரு சதுரக் குறியைத் தொட வேண்டும். என் முள்ளோ குறியையும் தாண்டிச் சென்றது. எவ்வளவு திடமாக இருக்கிறது பார் என்று மகிழ்ந்தேன். நாடி அளவுக்கு மேல் துடிப்பது நலத்தின் அடையாளம் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். எனக்கு அது தோன்றவில்லை.

*

அந்த நாட்களில்தான் இரண்டு தெரு தள்ளியிருந்த நெசவாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எழுபதைத் தாண்டியவர்.

'தம்பி, அடுத்த மாசம் தறியப் பிரிச்சிடறோம். அதுக்குள்ள தறியோட என்ன ஒரு படம் எடுத்துக் குடு. போன்ல வேணாம். பிரேம் போட்டு மாட்டற மாதிரி எடு.'

குழித்தறி. வீட்டின் முன்கூடத்திலேயே தரையைத் தோண்டிக் கால் மிதிக்கு இடம் செய்து, அதன் மேல் தறி. அவர் குழியில் கால்விட்டு அமர்ந்திருந்தார். தலைக்குப் பின்னால் திறந்த வாசற்கதவு. வாசலில் பங்குனி மாதத்து வெயில். தறியில் கடைசிப் புடவை பாதி நெய்தபடி இருந்தது, அரக்கு உடலில் ஜரிகைக் கரை. ஆளும் தறியும் சேர்ந்து அடங்க வேண்டும் என்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தேன். முள்ளோடு வளையத்தைப் பொருத்தினேன். பன்னிரண்டு படங்கள்.

பிலிம் கழுவி வந்தபோது பன்னிரண்டும் கண்ணாடிபோல் வெளுத்திருந்தன. அச்சிட்டால் வாசல் தெரிந்தது, ஜரிகைக் கரையில் ஒரு கீற்று மின்னியது. அவர் முகம் குழியோடு சேர்ந்து இருளில் கிடந்தது. நெகடிவ் பிலிம், வெளிச்சம் கூடிப்போனால் தாங்கிக்கொள்ளும், குறைந்தால் மன்னிக்காது. நிழலில் பதியாத ஒன்றை எந்த ஆய்வகமும் பிற்பாடு கொண்டுவர முடியாது.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அந்தத் தேடலின் ஒழுங்கை எழுதுகிறேன். யாருக்கேனும் பயன்படும்.

முதலில் பார்க்க வேண்டியது பிலிமின் உணர்வேக எண். நாம் போட்டிருப்பது 200 என்றால் கேமராவின் வட்டிலும் 200 இருக்கிறதா? அலமாரியில் கிடந்த கேமராக்களில் இது இடம் மாறியிருப்பது சாதாரணம். என்னுடையது சரியாகவே இருந்தது.

இரண்டாவது, முள் உண்மையாகவே வெளிச்சத்துக்குக் கட்டுப்படுகிறதா? லென்ஸைக் கையால் பொத்தினால் விழ வேண்டும், சன்னல் பக்கம் திருப்பினால் எழ வேண்டும். எங்கேயும் சிக்கி நிற்காமல் சீராக ஏறி இறங்க வேண்டும். என்னுடையது அப்படியே செய்தது. இந்த வகைக் கேமராக்களின் கண், காட்மியம் சல்பைடு என்னும் பொருள். வெளிச்சம் படப்பட அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் உயரும். கடும் வெயிலைப் பார்த்த கையோடு இருட்டறைக்கு வந்தால், நம் கண்ணைப் போலவே அதுவும் சற்று நேரம் தடுமாறும். அதற்கு முந்தைய தலைமுறைக் கேமராக்களில் செலினியம் இருந்தது. அதற்குப் பாட்டரியே வேண்டாம், வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் செலினியம் ஓய்ந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். முள் அசைகிறது, ஆனால் சொல்வது சரியா? இதை முள்ளிடமே கேட்க முடியாது. வேறொரு சாட்சி வேண்டும். நண்பரிடம் இருந்த நல்ல கேமரா ஒன்றையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு, நிறம் மாறாத ஒரு சிமெண்டுச் சுவரை நடுப்பகலிலும் மாலையிலும் அறைக்குள்ளும் அளந்து குறித்தேன். எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு வேறுபாடு என்றால் அஞ்ச வேண்டியதில்லை; உணர்வேக எண்ணை அதற்குத் தக்கபடி மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேறுபாடு மாறினால் கோளாறு பாட்டரியிலோ, காட்மியம் கண்ணிலோ இருக்கக்கூடும். என்னுடையது மாறியது. ஆனால் எப்போதும் ஒரே திசையில்: இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு கேமராக்களும் இல்லாதவருக்குச் சூரியனே சாட்சி. மேகமற்ற நடுப்பகல் வெயிலில் துளை 16 என்று வைத்தால், ஷட்டர் வேகம் பிலிமின் எண்ணுக்கு நெருக்கமாக அமையும். 200 பிலிமுக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு. முந்தைய தலைமுறையினர் பிலிம் பெட்டியின் உட்பக்கத்தில் அச்சிட்டிருந்த வெயில், மந்தாரம், நிழல் என்ற படக்குறிகளைப் பார்த்தே எடுத்தார்கள். பாலாற்று மணலில் நின்று அளந்தால் மணல் வெயிலைத் திருப்பி வீசுவதால் கணக்குச் சற்று மாறும். செவிலிமேட்டுப் பாலத்தின் நிழலை ஒட்டிய திறந்தவெளிச் சுவர் எனக்குப் பொருத்தமாக இருந்தது.

*

குற்றவாளி பாட்டரிதான். இந்தக் கேமரா வடிவமைக்கப்பட்ட காலத்தில் பாதரசப் பாட்டரிகள் புழக்கத்தில் இருந்தன. அவை 1.35 வோல்ட் தரும். தீரும் நாள்வரை ஏறக்குறைய அதே அளவு தரும். அந்த நிலைத்தன்மையை நம்பியே முள்ளின் கணக்கு வகுக்கப்பட்டது. இன்று அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பாட்டரி 1.5 வோல்ட், புதிதில் இன்னும் சற்று அதிகம், பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும். மின்னழுத்தம் கூடினால் முள் கூடுதலாக எழும். கூடுதலாக எழுந்தால் வெளிச்சம் மிகுதி என்று நாம் நினைத்துத் துளையைச் சுருக்குவோம். படம் இருண்டுவிடும். சதுரக் குறியைத் தாண்டிய முள் முதல் நாளே எனக்கு இதைச் சொல்லியிருந்தது.

பழைய பாட்டரி ஏன் கிடைப்பதில்லை? அமெரிக்கா 1996-இல் சட்டமியற்றித் தடுத்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் உறுதியளித்து இணைந்தது. பழைய கேமரா ஆர்வலர்கள் பலர் இத்தடையைக் குறித்து அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மினமாட்டா என்பது 1956-இல் பாதரச நஞ்சு நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட ஜப்பானியக் கடற்கரை ஊர். என் கேமரா பிறந்த அதே நாடு. அவ்வளவு தொலைவு போக வேண்டாம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிவாரண உடன்பாடு கிடைக்க 2016 வரை ஆயிற்று. என் முள் சரியாக நிற்பதற்காக அந்தப் பொருள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது.

மாற்று வழிகள் இருக்கின்றன. வெள்ளி ஆக்சைடு பாட்டரி 1.55 வோல்ட்டைக் கடைசிவரை சீராகத் தரும். அதனோடு ஷாட்கி டயோடு ஒன்றைச் சேர்த்துவிட்டால் மின்னழுத்தம் தேவையான அளவுக்கு இறங்கிவிடும். ரிச்சித் தெருவில் கேட்டால் கிடைக்கும் சிறு பொருள்தான். பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும். இன்னும் எளிய வழி, காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 என்னும் துத்தநாகக் காற்றுப் பாட்டரி. அது 1.4 வோல்ட் தரும்; பழைய அளவுக்கு மிக நெருக்கம். உருவில் சிறியது என்பதால் சுற்றிலும் ரப்பர் வளையம் ஒன்று வேண்டும். மேலே ஒட்டிய தாளை உரித்ததும் காற்றுப் புகுந்து உயிர் பெறும். பிறகு பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும். கண்ணுக்கு வேண்டியதைக் காதுக்கடையில் வாங்கினேன். முள் சதுரக் குறியில் வந்து நின்றது. சிமெண்டுச் சுவரின் கணக்கும் நண்பர் கேமராவோடு ஒத்துப்போயிற்று.

இருந்தும் பாட்டரியின் தவறு மட்டும் அந்தப் பன்னிரண்டு படங்களையும் அவ்வளவு இருளாக்கியிருக்காது. மீதித் தவறு முழுவதும் என்னுடையது. ஒளிமானிக்குப் பொருள்கள் தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கச் சொல்லும், கருங்கல் சிலையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கச் சொல்லும். ஜரிகை மின்னும் பட்டு அதற்குப் பெரிய பொறி. நான் காட்டியதோ இருண்ட கூடமும் அதன் நடுவே எரியும் வாசலும். இந்தக் கேமராவை வடிவமைத்தவர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு கண்கள்: ஒன்று படத்தின் மேற்பாதிக்கு, மற்றது கீழ்ப்பாதிக்கு. மேலே வானம் பளிச்சென்று இருந்தாலும் கீழே உள்ள இருண்ட பகுதிக்குக் கூடுதல் மதிப்புக் கிடைக்கும்படி இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். ஆனால் கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால்தான் அவை மேல், கீழ். நான் செங்குத்தாகப் பிடித்தேன். இரண்டு கண்களும் இடம், வலம் ஆயின. பெரியவரின் தலைக்குப் பின்னிருந்த வாசல் வெளிச்சம் இரண்டிலும் விழுந்தது.

ஆக மூன்று பிழைகள். பொருந்தாத பாட்டரி, பின்னால் எரிந்த வாசல், திருப்பிப் பிடித்த கை. மூன்றில் ஒன்றுகூட ஒளிமானியுடையது அன்று. கொடுத்த மின்சாரத்துக்கும் காட்டிய காட்சிக்கும் அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

*

இனி நம் துறைக்கு வருகிறேன். தமிழ் முதுகலை வகுப்பில் பாடபேதம் பற்றி நடத்தும்போது மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதுண்டு: ஏட்டில் செல்லரித்த இடம் நேர்மையானது. அங்கே ஏதோ இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும்; பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விட்டுவிடுவார். ஆபத்தானது, ஏடு எழுதியவர் தமக்குப் புரியாத சொல்லை எடுத்துவிட்டுப் புரிகிற சொல்லைப் போட்டு நிரப்பிய இடம். ஓசை இடறாது, பொருள் தடுக்காது, யாரும் ஐயப்படாமல் தலைமுறைகளாக ஓதிக்கொண்டிருப்பார்கள். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்ததன் பயன் இதில்தான் இருக்கிறது. ஒரே ஏட்டை எத்தனை முறை படித்தாலும் அதன் பிழை அதிலிருந்தே தெரியாது. பக்கத்தில் இன்னொரு ஏடு வேண்டும்.

இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்த நான், கையிலிருந்த கருவி விஷயத்தில் அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை. முள் படுத்துக் கிடந்தவரை எனக்குத் தீங்கு நேரவில்லை. அப்போது கேட்டிருந்தால் பெரியவரை வாசல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, அனுபவக் கணக்கில் மூன்று விதமாக எடுத்திருப்பேன். முள் எழுந்து நின்ற பிறகுதான் என் புத்தி படுத்துக்கொண்டது. நின்றுபோன மானியைவிடத் தவறாக ஓடும் மானி கெடுதல் என்பதே இந்த அனுபவத்தில் நான் கண்ட உண்மை. இது கேமராவுக்கு மட்டும் உரியதன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. உரைநூல்களை நம்பி மூலத்தைத் திறவாமலே பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே குறைவில்லை.

'இவ்வளவு எதற்கு? கைபேசியிலேயே ஒளி அளக்கும் செயலி இருக்கிறதே' என்றார் நண்பர் ஒருவர். இருக்கிறது, நன்றாகவும் அளக்கிறது. நானே இப்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் வாசலுக்கு முன் அமர்ந்த மனிதரைக் காட்டினால் அதுவும் ஏமாறக்கூடியதே. எதை அளப்பது, எதை விடுவது என்ற தீர்மானம் அளப்பவனுடையது. கருவியை மாற்றிக்கொண்டே போவதால் அந்தத் தீர்மானத்திலிருந்து தப்ப முடியாது.

என் மனத்தை உறுத்தும் வேறொன்றும் உண்டு. மேலே எழுதியவற்றில் எதுவும் என் கண்டுபிடிப்பில்லை. பழைய கேமராக்களைப் பழுதுபார்த்த கைகளுக்கு இவையெல்லாம் பாலபாடம். அந்தக் கைகள் நம் ஊர்களிலும் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. ஆனால் இதைத் தமிழில் படிக்க நான் தேடியபோது எனக்கு ஒரு பக்கமும் அகப்படவில்லை. ஒருவர் கடையை மூடினால் அதோடு எல்லாம் போயிற்று. தமிழில் இப்படி எழுதவே முடியாது என்பவர்களுக்குப் பெ.நா. அப்புசுவாமியின் அறிவியல் கட்டுரைகளைக் காட்டலாம். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்று, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்ட ஏ.கே. செட்டியார் தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடியும்கூட. கேமராவும் உரைநடையும் ஒரே கையில் இருந்த மரபு நமக்கு உண்டு.

நாட்டார் பாடல்களைத் திரட்டினோம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்குச் சொற்களையும் தொகுத்தார்கள். தமிழ்த்துறை மாணவர்கள் களப்பணி என்றால் இன்றும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் கேட்டு வருகிறார்கள். வேண்டும்தான். ஆனால் ஒரு மாணவராவது ரேடியோ பழுது பார்ப்பவரிடமோ, கடிகாரக்காரரிடமோ, தறிக்கு அச்சுப் பிணைப்பவரிடமோ ஒரு மாதம் அமர்ந்து, அவர் எதை முதலில் ஐயப்படுகிறார், எதை இரண்டாவதாக, ஏன் அந்த வரிசை என்று எழுதி வரக்கூடாதா? ஐயப்படும் வரிசை என்பதும் ஓர் அறிவு. அதற்கும் சொல் இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. கலைச்சொல் ஆக்கும் குழுக்கள் 'ஒளிமானி' என்று ஆக்கித் தந்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன. அந்த ஒளிமானி பொய் சொன்னால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளில்லை.

*

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். தறி இல்லை. குழியை மூடி சிமெண்டு பூசியிருந்தார்கள். அதன் மேல் பேரனின் இருசக்கர வண்டி நின்றது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். பன்னிரண்டில் ஏதோ ஒன்றுக்குப் பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

'மூஞ்சி தெரியலன்னா என்ன தம்பி? கரை தெரியுது பாரு. நான் நெய்ஞ்சதுதான்னு எனக்குத் தெரியுமே.'

அவருக்குத் தெரியும். அவர் பேரனின் பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்று அவரை அந்தச் சிமெண்டுத் தரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேமராவைப் படுக்கையாகப் பிடித்து, அருகே சென்று முகத்தை மட்டும் அளந்து, பிறகு பின்னால் வந்து எடுத்தேன். முகம் நன்றாக வந்திருக்கிறது. தறிதான் இல்லை.